வெயிலில் மலையேறும் பிள்ளைகளின் பை

(சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரை)



களப்பயணம் என்றதும் பேருந்து வாடகை, பெற்றோர் ஒப்புதல் கடிதம் இரண்டையும்தான் முதலில் பார்க்கிறோம். செஞ்சிக்கோட்டை போன்ற இடத்துக்கு அது போதாது. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். முழுக்கப் பாறை. வெயில் ஏறினால் தலைக்கு மேலேயும் சுடும், காலடியிலும் சுடும். ஆகவே காலையில் சீக்கிரம் ஏறத் தொடங்க வேண்டும். முதல் நாளே பிள்ளைகளின் பையைப் பார்க்க வேண்டும்.

கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தளர்வான, வெளிர்நிறப் பருத்திச் சட்டை, முழுக்கை இருந்தால் நல்லது. தொப்பி இல்லாவிட்டால் துண்டு போதும்; நனைத்துக் கழுத்தில் போட்டால் காயக் காயக் குளிர்ச்சி தரும். காலணி பழகியதாக இருக்கட்டும். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பாதி வழியிலேயே கொப்புளம் வந்துவிடும். பள்ளிப் பையே போதும், புத்தகங்களை எடுத்துவிட்டால். கையில் எதையும் தூக்க விடாதீர்கள். கை படியில் ஊன்ற வேண்டும். தின்பண்டக் கவரைக் கண்டால் குரங்கும் விடாது!

அரைநாள் நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். அது 2 கிலோ எடை. சின்னப் பிள்ளைகள் ஒன்றரை லிட்டர் சுமக்கட்டும், மீதி அடிவாரத்தில் கேனில் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு விசில்; விசில் கேட்டால் எல்லோரும் நாலு மடக்கு குடிக்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் பாதி பாதியாக அல்ல. தலைவலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள், உடனே 108.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நிரம்பிய பாட்டிலோடு ஏறி, நிரம்பிய பாட்டிலோடே இறங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், "வழியில எங்க டீச்சர் போறது?" என்பார்கள். எத்தனை லிட்டர் கொடுத்தனுப்பினாலும் இதற்கு வழி சொல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் பையிலேதான் இருக்கும்.

ஆகவே முன்கூட்டியே ஒரு பெண் ஆசிரியர் போய்க் கழிப்பறை எங்கே, திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வர வேண்டும். ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் அங்கே நிற்போம் என்று வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பையில் நாப்கின், பழைய செய்தித்தாள், மறைப்புக்கு ஒரு பழைய புடவை. புடவை எடையே தெரியாது.

பாட்டில் இல்லாதவர்களை வகுப்பில் கைதூக்கச் சொல்லாதீர்கள். பள்ளியில் பத்துப் பாட்டில்களைக் கழுவி வைத்திருங்கள். பையைப் பார்க்கும்போதே பேசாமல் உள்ளே வைத்துவிடலாம்.