முதுகலை இசைப் பட்டமும் மொழித் தகுதியும்
(தமிழிசை விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இசையரங்கேறிப் பாடுவார்க்குரிய முதுகலைப் பட்டத்துக்கு வேண்டிய தகுதிகள் யாவை என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். இன்றைய நடைமுறையைச் சுருங்கக் கூறுவேன். இசையில் இளங்கலைப் பட்டமோ அதற்கிணையான தேர்ச்சியோ வேண்டும். குரல்வளத்தையும் தாள அறிவையும் ஆய்ந்து மாணவரைச் சேர்ப்பர். பொதுவாக ஈராண்டுப் படிப்பு. எழுத்துத் தேர்வும் பாடுமுறைத் தேர்வும் உண்டு. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயின், பாடுவார் தாம் பாடும் பாட்டின் மொழியை அறிவாரா என ஆயும் தேர்வுக்கு உரிய இடம் தரப்பட்டுள்ளதா? இதுவே என் வினா.

மொழிவெறியால் கேட்கும் கேள்வி இது என்பார் அமெரிக்க நாட்டைப் பார்க்கட்டும். ஆங்குள்ள இசைக் கல்லூரிகள் பலவற்றில் வாய்ப்பாட்டில் முதுநிலைப் பட்டம் பெற விழைவார், இத்தாலியம், செருமானியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் ஒலிப்புமுறையைக் கற்றுத் தேர்ந்திருத்தல் வேண்டும். அதிற் குறையுடையார் சேர்ந்தபின்னேனும் பயின்று அக்குறையை நிரப்புதல் வேண்டும். அயன்மொழிப் பாட்டுக்கே அவர்கள் அத்துணைக் கருத்துச் செலுத்துகின்றனர். தாய்மொழிப் பாட்டுக்கு நாம் எத்துணைக் கருத்துச் செலுத்துதல் வேண்டும்!

இது மேலையார் நமக்குக் கற்பிக்க வேண்டிய புதுமையும் அன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பாருங்கள். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் ஆடித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அவளுக்கு அமைந்த ஆசான்மார் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே தகுதி வகுத்தார் இளங்கோவடிகள். இசையாசான் யாழும் குழலும் மிடறும் தண்ணுமையும் அறிந்தால் மட்டும் போதாது; பாட்டியற்றிய புலவனின் உட்கருத்தையும் உணர்ந்திருத்தல் வேண்டும் என்றார். தண்ணுமையாசானோ பிற கருவிகளின் குறையை நிரப்பவும், தன் ஓசை மிகாமல் அடக்கவும் வல்லவனாதல் வேண்டும். இன்றைய பக்க இசைஞர்க்கும் இதனினும் சிறந்த பாடத்திட்டம் உண்டோ?

மொழியறியாப் பாட்டால் விளைவது யாது? ழகரம் திரிந்தால் வாழைத் தோட்டத்தைப் பாடப் புகுந்தவர் வாளைமீனைத் துள்ள விடுவார். சொல்லை இடையே முறித்தால் தாமரை, ‘தா, மரை’ என்றாகி, மலர் மறைந்து மான் தோன்றும். பண் பிழையாமலே பாட்டு இறந்துபடும். பாடியவரோ கைதட்டலுடன் எழுவார்!

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தையும், விபுலாநந்த அடிகள் 1947-இல் யாழ்நூலையும் வெளியிட்டனர். இடையே 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. வழி காட்டியாயிற்று; நடத்தலே நம் கடன்.

ஆதலின் மூன்று வரையறைகளை வேண்டுகிறேன். ஒன்று: பாடுமுறைத் தேர்வில் மாணவர் பாடும் ஒவ்வொரு பாட்டின் பொருளையும் சொல்லிவிட்டே பாடுதல் வேண்டும். இரண்டு: செம்பாலை அரிகாம்போதியாதலையும், தக்கேசி காம்போதியாதலையும் போலப் பண்களின் தமிழ்ப் பெயரும் வரலாறும் அறிந்திருத்தல் வேண்டும். மூன்று: தேர்வாளர் குழுவில் தமிழ்ப் புலவர் ஒருவர் அமர்தல் வேண்டும், அவர் தரும் மதிப்பெண்ணும் தேர்ச்சிக்கு இன்றியமையாததாதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! பட்டம் தருவது பல்கலைக்கழகம். பாட்டுக்கு உயிர் தருவது உங்கள் நா. அந்நாவைத் தமிழால் துலக்குங்கள்.

வெல்க தமிழிசை!