ஆற்றுக்கும் ஓய்வு வேண்டும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன்பு நாம் வேறொரு தோட்டத்திற்குச் சென்று, ஆற்று மீன் வளத்தைக் காப்பது பற்றிப் பேசினோம். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, பட்டணத்துக்காரர்கள் காரில் வந்து, பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காக எங்கள் ஆற்றை நாங்கள் ஏன் காக்க வேண்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதே இன்று நமது நோக்கமாகும்.

பால்மரத்தைப் பற்றி உங்களுக்கு நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. கத்தி பட்டையைத் தாண்டிப் பாய்ந்தால் மரத்தில் காயம் உண்டாகும். அங்கே புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னர் அவ்விடத்தில் செம்மையாக வெட்ட இயலாது. ஆகவேதான் ஆழம் அறிந்து வெட்டுகிறீர்கள். மரத்திற்கு ஓய்வு நாளும் விடுகிறீர்கள். இன்று கிடைக்கும் ஒரு மங்குப் பாலுக்காக நாளைய பாலை இழக்க எவரும் விரும்பமாட்டார். ஆற்றுக்கும் இதே நியாயம்தான் பொருந்தும்.

ஆனால் நடப்பது என்ன? சிலர் இருட்டிய பின் தூபா வேரின் சாற்றையோ பூச்சிக்கொல்லி மருந்தையோ ஆற்றில் கலக்கிறார்கள். வேறு சிலர் பேட்டரியைக் கொண்டு நீரில் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். ஒரு சாக்கு மீன் கிடைப்பது உண்மையே. ஆனால், பெரிய மீனோடு குஞ்சும் சாகிறது. அடுத்த ஆண்டு முட்டையிட வேண்டிய தாய் மீனும் சாகிறது. மருந்து கலந்த அதே நீரில் கீழ்ப்பகுதியில் குழந்தைகள் குளிக்கிறார்கள். இது சட்டத்திற்குப் புறம்பான செயல் மட்டுமன்று. அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்குமாகும்.

சபா மாநிலத்துக் கடசான்டூசுன் மக்களிடம் ‘தாகால்’ என்றொரு வழக்கம் உண்டு. தடை என்பது அதன் பொருள். ஊரார் ஒன்றுகூடி ஆற்றைப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். சிவப்புப் பகுதியில் எக்காலத்திலும் மீன் பிடித்தலாகாது. மஞ்சள் பகுதியில் ஊர்க்குழு குறிக்கும் காலத்தில் மட்டும் பிடிக்கலாம். பச்சைப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு பிடிக்கலாம். தடையை மீறியவர் ஊர் வழக்கப்படி அபராதம் செலுத்த வேண்டும். ஆற்றைத் திறக்கும் நாளில் கிடைக்கும் மீனை ஊரார் பங்கிட்டுக்கொள்வர். சபா அரசாங்கம் 2003ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் மூலம் இம்முறைக்கு வலுவூட்டியது. ரானாவ் வட்டாரத்து லுவாந்தி கிராமத்தில், இவ்வாறு காக்கப்பட்ட மொரோலி ஆற்றில் இறங்கி மீன்களோடு நிற்பதற்கென்றே பயணிகள் கட்டணம் செலுத்தி வருகிறார்கள்.

கோயில் குளத்து மீனைப் பிடிக்கலாகாது என்று நம் முன்னோர் வகுத்த கட்டுப்பாட்டை இது நினைவூட்டவில்லையா?

தீபகற்பத்திலும் சான்று உண்டு. பகாங் மாநிலத்தில், தாமான் நெகாராவின் தகான் ஆற்றிலுள்ள லுபோக் தெனோரில் கெலா மீன்கள் காக்கப்படுகின்றன. அங்கே தூண்டில் போடத் தடை. தீனி போட்டுக் கண்டு மகிழலாம். கெலா மெதுவாக வளரும் மீன். கரையோர மரங்களிலிருந்து நீரில் விழும் பழங்களையும் அது உண்ணும். ஆகவே, கரை மரத்தை வெட்டினால் மீனின் உணவையும் வெட்டியவர்களாவோம். அதே காட்டின் வேறு ஆறுகளில், உரிய அனுமதி பெற்றுத் தூண்டில் போடுவோர் உண்டு. அவர்களை நம்பிப் படகோட்டிகளும் வழிகாட்டிகளும் சமையற்காரர்களும் பிழைக்கிறார்கள்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஆற்றைக் காப்பது பட்டணத்தாருக்காக அன்று. முதற்பயன் நமக்கே. தெளிந்த நீரும் குழம்புக்கு மீனும் நம் வீட்டுக்குத்தான் முதலில் வரும். அடுத்தது வருமானம். செத்த மீனை ஒருமுறைதான் விற்கலாம். உயிருள்ள மீனோ, பிடித்தவர் திரும்ப ஆற்றில் விட்டால், அடுத்த விருந்தினரையும் அழைத்து வரும். இலையுதிர் காலத்தில் பால் குறைந்து, உங்கள் வரும்படியும் குறைகிறது. அந்த வறண்ட மாதங்களில்தான் பல ஆறுகள் தெளிந்து தூண்டிலுக்கு ஏற்றவையாகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பணம் ஒரே நாளில் கொட்டும் என்று நாம் கூறவில்லை. தோட்ட நிலத்தின் வழியே விருந்தினரை அழைத்துச் செல்ல நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும். படகில் ஏறுவோர்க்கு மிதவைச் சட்டை வேண்டும். அருகிலுள்ள கம்பத்து மக்களும் நம்மோடு சேர வேண்டும். ஆறு இரு கரையாருக்கும் பொது. எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்தினர் வருமுன்னரே விதிகள் வகுக்கப்பட வேண்டும். ஓர் ஆள் எத்தனை மீன் எடுக்கலாம், எந்த மடு மூடப்படும், வரும் பணம் எவ்வாறு பங்கிடப்படும் என்பனவற்றை முதலிலேயே எழுதி வைத்தல் நலம். இல்லையேல் பணம் ஒருவர் கைக்கும், குப்பை எல்லார் கரைக்குமாக முடியும்.

நாம் இன்றே தொடங்கக்கூடிய பணிகளும் உள்ளன. களைக்கொல்லி தெளிக்கும் பம்பை ஓடையில் கழுவாதீர்கள். சிறு மீன் சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு மெல்ல எடுத்து நீரில் விடுங்கள். எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்தினால் மீனுக்குக் காயம் குறையும். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் விடாதீர்கள். ரப்பர் ஆலைக் கழிவுநீருக்கு 1978ஆம் ஆண்டிலேயே விதிகள் இயற்றப்பட்டுள்ளன. ஆற்று நீர் நிறம் மாறினாலோ நாற்றம் எடுத்தாலோ, சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அறிவியுங்கள். தொழிலாளி என்பதால் நமக்கு அந்த உரிமை இல்லையென்று எண்ணிவிடலாகாது.

பெரியோர்களே, தோட்டத்து மரம் நமக்குச் சொந்தமன்று. எனினும் அதைக் காயப்படுத்தாமல் வெட்டக் கற்றோம். ஆறோ நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இறங்கிக் குளிக்கவிருக்கும் ஆறு. அதற்கும் ஓய்வு கொடுப்போம். அது நமக்கு வாழ்வு கொடுக்கும்.