எந்த வழியா வந்தாங்கன்னு எழுதி வைப்போம்

(பெண்ணாடத்தில் நடந்த கூட்டமைப்புப் பிரதிநிதிகள் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டு வேலையை முடித்துவிட்டு, பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். போன கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்வி தீர்மானப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. "மாசம் 6,000 ரூபாய் கொடுத்தா நம்ம இணையதளத்துக்கு 10,000 பேரைக் கொண்டு வர்றேன்னு ஒருத்தர் சொல்றார். கூட்டமைப்புப் பணத்துல இருந்து கொடுக்கலாமா?" இன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பணம் யாருடையது? வாரா வாரம் சேமிப்பு கட்டிய நம் ஒவ்வொருவருடையதும்தான்.

முதலில் இணையதளம் எதற்கு ஆரம்பித்தோம் என்று ஞாபகப்படுத்திக்கொள்வோம். விருத்தாசலம் பீங்கான் என்றால் தெரியாதவர் இல்லை. அகல் விளக்கும் பொம்மையும் அங்கிருந்து பல ஊருக்குப் போகிறது. நம் உறுப்பினர்களும் அச்சில் ஊற்றி, காய வைத்து, பிசிறு தேய்த்து, வர்ணம் பூசி, சூளைக்குக் கொடுத்து எடுக்கிறார்கள். ஆனால் விலை சொல்வது மொத்த வியாபாரி. நாம் செய்த விளக்கு யார் வீட்டில் எரிகிறது என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தால் நேராக அவரிடமே விற்கலாம். அதற்காகத்தான் இணையதளம்.

ஆனால் ஊருக்கு வெளியே கடை போட்டுவிட்டு, வழி சொல்லாமல் இருந்தால் யார் வருவார்கள்? வழி காட்டும் பலகை வேண்டும். அந்தப் பலகைகளில் ஒன்றுதான் லிங்க்ட்இன்.

முகநூல் உங்களுக்குத் தெரியும். லிங்க்ட்இன் என்பது வேலை, தொழில் சம்பந்தப்பட்டவர்கள் கூடுகிற இடம். 2003-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கியது. இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் பதிந்திருக்கிறார்கள். "அதுல நமக்கு என்ன வேலை? அது படிச்சவங்க வேலை தேடுற இடமாச்சே"ன்னு கேப்பீங்க. கம்பெனிகளில் தீபாவளிப் பரிசு யார் வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொள்முதல் அதிகாரி, மனிதவளத் துறை அதிகாரி. அவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். முகநூலில் ஒருவர் 12 விளக்கு வாங்குவார். இங்கே ஒருவர் 500 விளக்கு கேட்கலாம்.

அப்படியானால் 6,000 ரூபாய் கொடுத்துவிடலாமா? அதற்கு முன் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். சில வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வழிநடத்திய ஒரு குழு இப்படித்தான் ஒருவருக்குப் பணம் கொடுத்தது. மாசக் கடைசியில் போனில் ஒரு படம் காட்டினார். ஆயிரக்கணக்கில் ஆள் வந்ததாக இருந்தது. நாங்களும் கை தட்டினோம். மூன்று மாதம் ஆகியும் ஒரு ஆர்டர்கூட இல்லை. பிறகு உட்கார்ந்து பார்த்தால், வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று வினாடிகூட நிற்கவில்லை. எங்கிருந்தோ வந்த வெறும் சொடுக்குகள். அவரை நிறுத்திய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கணக்கு முழுவதும் அவருடைய ஈமெயிலில் இருந்தது. பதிவேட்டை அடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தது எங்கள் தவறு. அந்தத் தவறு இங்கே நடக்கக்கூடாது.

ஆகவே ஆளைக் கூட்டுவதற்கு முன்னால், வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று எழுதக் கற்றுக்கொள்வோம். வருகைப் பதிவேடு எழுதுகிற நமக்கு இது புதிதே இல்லை.

முதலாவது, யார் பெயரில் என்பது. லிங்க்ட்இனில் தனிப் பக்கம் உண்மையான ஒரு மனுஷிக்குத்தான். குழுவின் பெயரில் ஒரு ஆள் மாதிரி பக்கம் திறக்கக்கூடாது. அது அவர்களுடைய விதிக்கு மாறானது. நம் செயலாளர் தன் பெயரில், தன் படத்தோடு திறக்கட்டும். கூட்டமைப்புக்கு நிறுவனப் பக்கம் தனியாகத் திறக்கலாம். அதற்குக் குறைந்தது இரண்டு பேர் நிர்வாகியாக இருக்க வேண்டும். கூட்டமைப்பின் ஈமெயில், கூட்டமைப்பின் போன் நம்பர். கடவுச்சொல் உறையில் போட்டு, வங்கிப் பாஸ்புக் இருக்கும் பீரோவில் வையுங்கள்.

இரண்டாவது, வழிப் பலகை எங்கே மாட்டுவது என்பது. மூன்று இடம் உண்டு. செயலாளரின் பக்கத்தில், தொடர்பு விவரம் போடுகிற இடத்தில் இணையதள முகவரி. நிறுவனப் பக்கத்தில் "இணையதளம் பார்க்க" என்கிற பட்டன். அதை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பது நிர்வாகிக்குத் தெரியும். அப்புறம் நாம் போடுகிற ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் முகவரி. பதிவில் என்ன எழுதுவது? "தரமான பொருள்" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை விளக்கு, என்ன எடை, உடையாமல் எப்படிக் கட்டுகிறோம், 500 வேண்டுமானால் எத்தனை நாள் ஆகும், பில் உண்டா என்று எழுதுங்கள். வாங்குகிற அதிகாரி தன் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டியது இதுதான்.

மூன்றாவது, முகவரிக்கு வால் வைப்பது. கேட்டால் சிரிப்பீர்கள். இணையதள முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, மூன்று சொல் சேர்க்கலாம். எங்கிருந்து வந்தார் என்பது 'சோர்ஸ்'. எந்த வகை வழி என்பது 'மீடியம்'. எந்த வேலைக்காகப் போட்டது என்பது 'கேம்பெயின்'. இதற்கு யுடிஎம் என்று பெயர். அர்ச்சின் என்ற கம்பெனி உண்டாக்கிய முறை. அந்தக் கம்பெனியை 2005-ல் கூகுள் வாங்கி, அதே வருஷம் கூகுள் அனலிட்டிக்ஸ் என்று இலவசமாகக் கொடுத்தது. பழைய முறை 2023 ஜூலையில் நின்று, இப்போது அதன் நான்காம் பதிப்பு நடக்கிறது. இதுவும் இலவசம்தான்.

வால் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வாட்ஸ்அப்பில் இருந்து வந்தவர், முகவரியைத் தானே தட்டி வந்தவர், சில நேரம் லிங்க்ட்இன் செயலியில் இருந்து வந்தவர், எல்லாரும் 'டைரக்ட்' என்ற ஒரே வரியில் விழுந்துவிடுவார்கள். பேர் எழுதாமல் உண்டியலில் போட்ட காசு மாதிரி. தொகை தெரியும், கொடுத்தவர் தெரியாது.

இதில் இரண்டு எச்சரிக்கை. வாலில் உள்ள சொல்லை எப்போதும் ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே போடுங்கள். ஒரு தடவை பெரிய எழுத்து, ஒரு தடவை சின்ன எழுத்து என்றால் அது இரண்டு வரியாகப் பிரித்துவிடும். ஒரே உறுப்பினரை ஒரு பக்கம் செல்வி என்றும் இன்னொரு பக்கம் தமிழ்ச்செல்வி என்றும் எழுதினால் சேமிப்புக் கணக்கு என்ன ஆகும்? அதே கதைதான். அடுத்து, நம் இணையதளத்துக்கு உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பில் வால் வைக்காதீர்கள். வைத்தால் அவர் வந்த வழி பற்றிய கணக்கு குழம்பிவிடும்.

நான்காவது, கம்ப்யூட்டர் பிடிக்காததை நோட்டு பிடிக்கும். பலர் இணையதளத்தைப் பார்த்துவிட்டு போன்தான் செய்வார்கள். போன் எடுக்கிறவர் விலை சொல்வதற்கு முன், "எங்க பாத்தீங்க சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டு, 40 பக்க நோட்டில் எழுத வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பிலும் முதல் செய்தியை நாமே எழுதி வைக்க வசதி இருக்கிறது. "லிங்க்ட்இன் பார்த்து எழுதுகிறேன்" என்று வைத்துவிட்டால், அவர் அனுப்பும்போதே வந்த வழி தெரிந்துவிடும். கண்காட்சிக் கடையில் ஒட்டும் கியூஆர் கோடுக்கும் தனி வால் வைக்கலாம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். உதாரணத்துக்குத்தான். ஒரு மாதத்தில் 300 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகநூல் வழியாக 240 பேர். வாங்கியவர் 2 பேர், மொத்தம் 24 விளக்கு. வாட்ஸ்அப் வழியாக 30 பேர், எல்லாம் பழைய வாடிக்கையாளர்கள். வாங்கியவர் 6 பேர், 144 விளக்கு. லிங்க்ட்இன் வழியாகவும் 30 பேர். வாங்கியவர் ஒரே ஒருவர், 500 விளக்கு. கூட்டத்தை மட்டும் பார்த்தால் முகநூல்தான் பெரிசு. விளக்கை எண்ணினால் லிங்க்ட்இன். திரும்பி வருகிறவரைப் பார்த்தால் வாட்ஸ்அப். "எத்தனை பேர் வந்தாங்க?" என்று மட்டும் கேட்டிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. அதே நேரம், ஒரு மாதத்தில் வந்த ஒரே ஆர்டரை நம்பிக் கடன் வாங்கி மண் இறக்கிவிடாதீர்கள். மூன்று மாதமாவது நோட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காலமும் முக்கியம். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை. அச்சில் எடுத்தது காயாது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது 500 விளக்கு கேட்டால் நம்மால் முடியாது. ஒப்புக்கொண்டு தவறினால் பேர் கெட்டுவிடும். அதனால் ஆடியிலேயே பதிவு போடத் தொடங்குங்கள். ஆவணியில் ஆர்டர் எழுதினால் வெயிலில் காய வைத்து முடிக்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு எங்கள் பதில். அந்த 6,000 ரூபாயை இப்போது கொடுக்க வேண்டாம். நாங்களே இரண்டு உறுப்பினருக்கு வால் வைக்கவும் கணக்குப் பார்க்கவும் சொல்லித் தருகிறோம். மூன்று மாதம் நோட்டு எழுதுவோம். அதன் பிறகு அவரையோ வேறு யாரையோ அமர்த்த நினைத்தால், அவரிடம் மூன்று கேளுங்கள்: கணக்கு எங்கள் ஈமெயிலில் இருக்குமா? வந்தவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று காட்டுவீர்களா? எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்று சொல்வீர்களா? மூன்றுக்கும் சரி என்றால் பேசலாம். மழுப்பினால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

வங்கியில் கையெழுத்துப் போடத் தயங்கி நின்றவர்கள் இன்று மேலாளரிடம் உட்கார்ந்து பேசுகிறீர்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? பதிவேடு நம் கையில் இருந்ததால் வந்தது. இந்தப் பதிவேடும் நம் கையிலேயே இருக்கட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டுவிட்டுக் கலைவோம்.