கார்பன் நுரையும் கணினிச் சோதனையும்

கிராஃபீன் என்பது ஓரணுத் தடிமனே கொண்ட கார்பன் தாள். 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, அதன் இழுவலிமை 130 கிகாபாஸ்கல் எனத் தெரியவந்தது. அதுவரை அளக்கப்பட்ட எந்தப் பொருளுக்கும் அத்தனை வலிமை இருந்ததில்லை. ஆனால் தாளாக இருக்கும்வரை அது பாரம் சுமக்க உதவாது. தாள்களைப் பிணைத்து, துளைகள் நிறைந்த நுரையாக்க வேண்டும். 2013இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் செய்த கிராஃபீன் ஏரோஜெல் என்னும் அத்தகைய நுரையின் அடர்த்தி, துளைகளில் உள்ள காற்றை நீக்கிக் கணக்கிட்டால், கன சென்டிமீட்டருக்கு 0.16 மில்லிகிராம். காற்றின் அடர்த்தியோ ஏறக்குறைய 1.2 மில்லிகிராம்.

இத்தனை லேசான பொருள் எவ்வளவு பாரம் தாங்கும்? நுரையின் உள்ளே எந்தச் சுவர் முதலில் மடிகிறது, எந்தப் பிணைப்பு அறுகிறது என்பதை ஆய்வகத்தில் நேரடியாகப் பார்ப்பது கடினம். அங்கேதான் மூலக்கூறு இயக்கவியல் என்னும் கணினி முறை கைகொடுக்கிறது. ஒவ்வோர் அணுவின்மீதும் அண்டை அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அதைச் சற்றே நகர்த்துவார்கள். பிறகு விசையை மறுபடி கணக்கிடுவார்கள். ஒரு படி பெரும்பாலும் ஒரு ஃபெம்டோ வினாடி. பத்து லட்சம் படிகள் சேர்ந்தால்தான் ஒரு நானோ வினாடி ஆகும். இதற்கிடையே மாதிரியை மெல்ல அமுக்கியோ இழுத்தோ, தகைவும் திரிபும் மாறும் விதத்தைப் பதிவு செய்வார்கள்.

இம்முறையின் அருமைக்கு 2017இல் வெளியான எம்.ஐ.டி. ஆய்வு நல்ல சான்று. மார்கஸ் பியூலரின் குழு, கிராஃபீன் துணுக்குகளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இணைத்து நுரையாக்குவதைக் கணினியில் நடத்திக் காட்டியது. எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே கொண்ட ஒரு மாதிரி, எஃகைப் போல 10 மடங்கு வலிமை காட்டியது. ஜைராய்டு எனப்படும் வளைபரப்பு வடிவத்தையும் அக்குழு ஆராய்ந்தது. அவ்வடிவத்தைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கி, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு, எந்திரத்தில் நசுக்கிக் கணக்கைச் சரிபார்த்தது. கணக்கும் சோதனையும் ஒத்துப்போயின. வலிமைக்குப் பொருளைவிட வடிவமே பெரிதும் காரணம் என்பது அதனால் உறுதிப்பட்டது.

அதே ஆய்வு ஓர் எல்லையையும் வகுத்தது. அடர்த்தி குறையக் குறைய வலிமை அதைவிட வேகமாகச் சரிகிறது. அடர்த்தி ஓர் அளவுக்குக் கீழே போனால், சாதாரண பாலிமர் நுரையைவிடக் கிராஃபீன் நுரைக்கு மேன்மை இல்லை. ஆகவே காற்றைவிட லேசான நுரையின் உள்ளே வெற்றிடம் வைத்து, ஹீலியத்துக்குப் பதிலாக அதைப் பலூனில் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் நிற்காது. வெளிக்காற்றே அதை நசுக்கிவிடும். பொருளைச் செய்யுமுன்பே இப்படி வழியடைத்துச் சொல்வது சிறிய உதவியல்ல.

கணினி சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்பதும் சரியன்று. கார்பனுக்குப் பெரிதும் பயன்படும் ஏரெபோ என்ற விசைச் சூத்திரத்தில், இரு அணுக்களின் இடைவெளி 0.17 நானோமீட்டரைத் தாண்டும்போது விசை பொய்யாக எகிறும். அதைத் திருத்தாமல் கணக்கிட்டால், முறிய வேண்டிய பொருள் மேலும் வலுப்பதாகத் தோன்றும். கணினியில் இழுக்கும் வேகமும் ஆய்வக வேகத்தைவிடப் பல கோடி மடங்கு மிகுதி. அணுக்கள் இளகி இடம் மாற அவகாசமில்லாததால் வலிமை கூடுதலாகத் தெரியலாம். இக்குறைகளை அறிந்து, சூத்திரத்தைத் திருத்தி, வேகத்தை மாற்றிப் பார்த்து, உண்மைச் சோதனையோடு ஒப்பிடும்போதுதான் கணினி தரும் எண்ணை நம்பி ஒரு பொருளை வடிவமைக்க முடியும்.