இன்னிக்கு என்ன கெடச்சுது?

செல்லிப்பட்டு ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, உட்கார இடமிருந்தும் பின்னால் நின்றுகொண்டு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் தம்பிகளே!

வயது ஏற ஏற மனிதர்கள் கைவிட்டுவிடும் பொழுதுபோக்குகளைப் பற்றிப் பேசச் சங்கராபரணிக் கரையைவிடத் தோதான இடம் அமையாது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் புறப்படும் இந்த ஆறு, நம் ஊருக்கு வருமுன் திருவக்கரையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அங்கே மரம் மரமாகக் கல்லாகிக் கிடக்கிறது. அதற்கு ஏறத்தாழ 2 கோடி வயது என்கிறார்கள் புவியியலாளர்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பார்த்துப் பதிந்து வைத்தார். செடி, பறவை, கல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியும் வரைந்தும் சேர்த்துக்கொண்டே ஊர் ஊராகத் திரிந்த மனிதர். நம்மைத் தாண்டிப் போன ஆறு, கடலைச் சேருமுன் ஒரு கிளையாகப் பிரிந்து அரியாங்குப்பத்து ஆறு என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. அதன் கரையில் அரிக்கமேடு. மேலே கல் பொறுக்கிய ஆள், கீழே மணி பொறுக்கிய பிள்ளைகள், நடுவில் செல்லிப்பட்டு.

அந்தப் பிள்ளைகளின் கதையை இங்கே கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

1930களில் அரிக்கமேட்டுப் பக்கம் மழை பெய்து மண் கரைந்தால், மேட்டுச் சரிவில் பச்சை, நீலம், சிவப்பு என்று சின்னச் சின்னப் பாசிமணிகள் தலைகாட்டும். ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டு விளையாடினார்கள். கோலி சேர்ப்பதுபோல, புளியங்கொட்டை சேர்ப்பதுபோல அதுவும் ஒரு சேர்ப்பு. 1937 வாக்கில், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் அந்தப் பிள்ளைகளிடமிருந்து மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். பல்லவர் சிற்பங்களை ஆராய்ந்தவர் அவர். மேட்டிலும் அவரே நடந்து பொறுக்கினார். கிடைத்தவற்றில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று சொல்லத்தக்க தலை செதுக்கிய கல்லும் ஒன்று. பிறகு 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். ரோமாபுரிக்கும் தமிழகக் கடற்கரைக்கும் இருந்த வணிகத்துக்கு மண்ணுக்குள்ளிருந்தே சாட்சி கிடைத்தது. வீலர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, ழுவோ துப்ரேய் பெயரும் இருக்கிறது. மணி பொறுக்கிய பிள்ளைகளின் பெயர் எதிலும் இல்லை. அவர்களில் எத்தனை பேர் இருபது வயதுக்குமேல் ஒரு மணியாவது பொறுக்கியிருப்பார்கள்? மீன் பிடிக்கவும் கொல்லை வேலைக்கும் போயிருப்பார்கள். “கல்யாணம் ஆகப்போற பையன், மண்ணை நோண்டிக்கிட்டு நிக்கிறான் பாரு” என்று யாராவது ஒரு அத்தை சொல்லியிருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

நம் ஊரிலும் அப்படி முடிந்தவற்றை எண்ணினால் கை விரல் போதாது. சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு ஆற்றில் நீச்சல் பழகியவர்கள், மண்புழு கோத்துத் தூண்டில் போட்டுக் கெளுத்திக்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்தவர்கள், மாட்டுப் பொங்கலுக்குக் கம்பு சுற்றியவர்கள், திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைக்கும்போது வாத்தியாரிடம் அடவு பழகிக் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர்கள். இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேராவது இருப்பீர்கள். கேட்டால் ஒரே பதில்தான்: “எங்கப்பா நேரம்?”

நேரம் என்பது பாதி உண்மை. ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஆற்றையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. பிள்ளையார்குப்பத்துக்கும் நமக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய படுகை அணை 2021 வெள்ளத்தில் உடைந்தது. தண்ணீர் நிற்கிற இடம் மாறினால் தூண்டில்காரன் உட்கார்கிற இடமும் மாறத்தான் வேண்டும். இடம் போனதால் நின்ற பழக்கங்கள் உண்டு. நாட்டு அரசியல் மாறியதால் நின்றதும் உண்டு. 1923 முதல் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளில் விலை பணத்திலும் காசிலும் அச்சாகும். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1954 அக்டோபர் 18 அன்று பக்கத்துக் கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது, அந்தத் தபால்தலைகளின் கதையும் முடிந்தது. ஊர் விடுதலை பெற்ற நாளில், தபால்தலை ஒட்டி வைத்திருந்த பையன்களின் ஆல்பம் மட்டும் வளராமல் நின்றுவிட்டது. சரித்திரம் இப்படியும் குறும்பு செய்யும்.

ஆனால் இடமும் நேரமும் இருந்தும் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் விஷயம் என்ன?

சார்லஸ் டார்வினை எடுத்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜில் படித்தபோது அவருக்கு வண்டு பிடிக்கும் பைத்தியம். ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அபூர்வ வண்டுகள் கண்ணில் பட்டன, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக இன்னொரு வகை எட்டிப் பார்த்தது. விட மனசில்லை. வலக்கை வண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது காரமான ஒரு நீரைப் பீய்ச்ச, நாக்கு வெந்து துப்பினார், மூன்றாவது வண்டும் போயிற்று. அந்தப் பைத்தியத்தில் அவருக்குக் கூட்டாளி வில்லியம் ஃபாக்ஸ் என்ற உறவுக்காரப் பையன். வண்டு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இன்னொரு பக்கம் கவிதை. முப்பது வயது வரைக்கும் மில்டனையும் ஷேக்ஸ்பியரையும் டார்வின் ஆசையாகப் படித்தவர். 67 வயதில், 1876இல், தன் வரலாற்றை எழுதியபோது ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறார்: இப்போது ஒரு வரிக் கவிதைகூடப் படிக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியர் குமட்டுகிறது, சங்கீதமும் சுகப்படவில்லை. மறுபடி வாழ வாய்த்தால் வாரம் ஒருமுறையாவது கவிதை படிப்பேன், பாட்டுக் கேட்பேன் என்கிறார். வண்டு பிடித்தவன் உயிரியலைப் பிடித்தான், கவிதையை விட்டான் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு தகவலும் இருக்கிறது. நாவல் மட்டும் அவருக்குக் கடைசிவரை இனித்தது. அவர் தனியாகப் படித்ததல்ல, வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியது.

அங்கேதான் முடிச்சு இருப்பதாகத் தோன்றுகிறது. தனியாகச் செய்தது உதிர்ந்தது, கூட ஓர் ஆள் இருந்தது நின்றது. “இன்னிக்கு என்ன கெடச்சுது?” என்று கேட்க ஒருவர் இருக்கும்வரை தூண்டிலும் உயிரோடு இருக்கும், மணியும் மண்ணிலிருந்து வரும். அந்த ஆள் வேலைக்கு வெளியூர் போவார், அல்லது காலமாவார், அல்லது கேட்பதை மறந்துவிடுவார். இந்தப் பக்கம் இருப்பவர் கொஞ்ச நாள் தனியாக இழுத்துப் பார்ப்பார். பிறகு பரணில் போட்டுவிட்டு, வயதாகிவிட்டது என்பார்.

தாய்மார்கள் சிரிப்பது கேட்கிறது. பரணில் போடும் வயது என்று ஆண்கள் சொல்வது அறுபது. பெண்களுக்கு அது இருபத்தொன்றிலேயே வந்துவிடும். பெண் பார்க்க வரும் நாள் வரைக்கும் பாட்டு வாத்தியார், தாலி ஏறிய மறுநாள் அடுப்படி. சைக்கிள் ஓட்டிய பெண் பின்னால் உட்காருகிறாள். பூத்தையல் போட்டவள் பொத்தான் தைக்கிறாள். புள்ளி வைத்து ஊரே பார்க்கக் கோலம் போட்டவளும் அபார்ட்மெண்ட் வாசலுக்கு ஒட்டும் கோலம் வாங்குகிறாள்.

இதற்கு எதிராக நடந்த ஒரு கதை உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே திருமணம், பள்ளிப் படிப்பு கிடையாது. ஆனால் வீட்டுக் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வதில் கெட்டிக்காரி. எழுதத் தெரியாத அந்தக் காலத்தில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் முதல் நாடகம் ‘இந்திர மோகனா’. பிறகு அவரே எழுதக் கற்றார், நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார், ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை முப்பது ஆண்டுக்கு மேல் நடத்தினார். பட்டம்மாள் அன்றைக்கு “எனக்கு அரிசி களையவே நேரமில்லை” என்று சொல்லியிருந்தால், தெருவில் நல்ல கதை சொல்லும் ஒரு மாமி இருந்தார் என்பதோடு போயிருக்கும்.

புதுச்சேரியில் கண்ணால் பார்த்த ஆள் வேண்டுமென்றால் கி. ராஜநாராயணன் இருந்தார். இடைசெவல்காரர். இளமையில் அவருக்குச் சங்கீதப் பித்து, விளாத்திகுளம் சுவாமிகளிடம் பாடம் கேட்டவர். அந்தப் பாட்டு அவரோடு தொழிலாக வளரவில்லை. ஆனால் அதே ஊர்க்காரர் கு. அழகிரிசாமி கூட்டாளி. ஊர் பிரிந்தபிறகும் இருவரும் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள், அழகிரிசாமி எழுதியவை புத்தகமாகவும் வந்திருக்கின்றன. கி.ரா. கதை எழுத வந்ததே முப்பதைத் தாண்டித்தான். 1989இல், அறுபதும் கடந்தபிறகு, புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்ததும் இங்கே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. மாணவர்களை விட்டுப் புதுவை வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைக் கேட்டுத் திரட்ட வைத்தார். பல வீடுகளில் பாட்டிகள் பேரப்பிள்ளைக்குச் சொல்வதைக்கூட நிறுத்தியிருந்த கதைகள் அவை. கேட்பதற்கு ஆள் வந்ததும் நினைவுக்கு வந்தன. கி.ரா. 2021 மே மாதம் புதுச்சேரியிலேயே காலமானார், கடைசி ஆண்டுகள்வரை எழுதிக்கொண்டிருந்தவர்.

இந்தக் கணக்கெல்லாம் ஒருவரிடம் மட்டும் உதைக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். நம்மில் பலர் ஜனவரி 1இல் ஆரம்பித்துப் பொங்கலோடு மூடிவைக்கும் அதே காரியம்தான். அவரோ துணி வியாபாரத்துக்கும் துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷி வேலைக்கும் நடுவே, கப்பல் வந்ததும், யார் யாருக்கு எதிராகக் கோள் சொன்னார்கள் என்பதும், தன் ஜாதகம் என்ன சொல்கிறது என்பதும்வரை, 1761 ஜனவரியில் சாகும் தறுவாய்வரை எழுதினார். யாருக்கும் காட்டியதாகத் தெரியவில்லை. 1846இல்தான் அதைத் தேடிக் கண்டெடுத்தார்கள். காட்ட ஆளில்லாமலே இருபத்தைந்து வருஷம் எழுதியவர், என்ன செய்வது, விதிவிலக்கு. ஆனாலும் பாருங்கள், அவர் இறந்ததும் அந்த வீட்டில் பேனா ஓயவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஆக, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் அங்கேயும் இருந்திருக்கிறான்.

இதெல்லாம் கதை, கணக்கு உண்டா என்று கேட்கும் தம்பிகளுக்காக ஒன்று. 2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 16 நாடுகள், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,263 பேர். பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும், உடம்பு நன்றாக இருக்கிறது என்ற எண்ணமும் மகிழ்ச்சியும் கூடுதலாகவும் தெரிந்தன. டென்மார்க்கில் நூற்றுக்கு 96 பேருக்கு ஏதாவது ஒரு பொழுதுபோக்கு இருந்தது, ஸ்பெயினில் 51 பேருக்குத்தான். இந்தியா அந்தப் பதினாறில் இல்லை. இருந்திருந்தால், திண்ணையில் உட்கார்ந்து ஊர் வழக்குப் பேசுவதைப் பொழுதுபோக்கில் சேர்ப்பதா என்று ஆய்வாளர்களுக்குள் சண்டை வந்திருக்கும்.

கடைசியாக, நம் சொல்தா வீட்டுத் தாத்தாக்களின் ஆட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் புதுச்சேரியில் சாயங்காலமானால் இரும்புக் குண்டோடு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். பெத்தாங்க். ஒரு சின்ன மரக்குண்டை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் போட்டுவிட்டு, முக்கால் கிலோ எடை வரும் இரும்புக் குண்டை அதற்குப் பக்கத்தில் உருட்டிச் சேர்க்க வேண்டும். அந்தச் சின்னக் குண்டுக்குப் பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்று பெயர். வட்டத்துக்குள் நின்ற இடத்திலிருந்து கால் பெயராமல் போட வேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டம் வந்த விதம் இந்த மேடைக்கென்றே நடந்ததுபோல இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம், தென்பிரான்சில் லா சியோத்தா என்ற கடற்கரை ஊர். அங்கே அதுவரை ஆடிய குண்டாட்டத்தில் மூன்றெட்டு ஓடிவந்து குண்டு வீச வேண்டும், தூரமும் அதிகம். ஜூல் என்று ஒரு கெட்டிக்கார ஆட்டக்காரர். அவருக்கு வாதம் வந்து கால் மடங்காமல் போயிற்று, ஓட முடியவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்தார். நாளடைவில் அவரும் வீட்டோடு தங்கியிருப்பார், எல்லோரும் அப்படித்தான். ஆனால் ஏர்னெஸ்ட் பித்தியோ என்ற நண்பருக்குப் பொறுக்கவில்லை. தரையில் ஒரு வட்டம் போட்டார், தூரத்தைப் பாதியாக்கினார். இனிமேல் எல்லோருமே ஓடாமல், இரண்டு காலையும் ஊன்றி நின்றபடிதான் போட வேண்டும் என்றார். ஒருவர் ஓட முடியவில்லை என்பதற்காக ஓட முடிந்தவர்களும் நின்றார்கள். கால் ஊன்றுவது என்ற பொருளில் அந்த ஊர் வட்டாரப் பேச்சில் சொன்னதுதான் பெத்தாங்க் ஆயிற்று. இன்றைக்கு உலகமெல்லாம் ஆடுகிறார்கள், கப்பலேறி நம் புதுச்சேரிக்கும் வந்துவிட்டது.

இங்கே முன்வரிசையில் கம்பு சுற்றிய கைகள் இருக்கின்றன, ஒருகாலத்தில் தலையில் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியும் கட்டி ஆடிய உடம்பு ஒன்று இருப்பதாகவும் காதில் விழுந்தது. பின்னால் நிற்கும் தம்பிகள் அவரை வீடுவரை கொண்டுபோய் விடப் போகிறார்களாம். போகிற வழியில் எந்த வேஷம் கட்டினார் என்று கேட்டுப் பாருங்கள்.