மேல்வீட்டுக் காலடி

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒருவரின் தரை இன்னொருவரின் கூரை. பேச்சொலியைச் சுவர் பெரிதும் தடுத்துவிடும். காலடியோ கொங்கிறீற்றையே அதிரவைத்துக் கீழிறங்கும். பக்கச் சுவர்களிலும் பரவும். ஆதலால் கீழ்வீட்டார் தம் கூரைக்கு என்ன செய்தாலும் பயன் ஓரளவே. சிறந்த மருந்து மேலேதான் உண்டு: தடித்த கம்பளம், நாற்காலிக் கால்களுக்கு இறப்பர், வீட்டினுள் மென்செருப்பு.

ஆனால், நடப்பவருக்குத் தம் காலடி கேட்பதில்லை, சொன்னால்தான் தெரியும். தும்புத்தடியால் கூரையை இடிப்பது சொல்லுதல் ஆகாது. நான் படியேறிச் சென்றேன். கனடாவிலுள்ள மகனின் அழைப்பை எதிர்பார்த்து இரவு 11 மணிக்குப் பின்னும் உலாவும் தாயொருவர் கதவைத் திறந்தார். மறுவாரமே கம்பளம் விரித்தார். மகனின் சுகம் விசாரிக்கும் உரிமையும் எனக்குக் கிடைத்தது.

வள்ளுவர் ‘இனியவை கூறலை’ இல்லறவியலில் வைத்ததன் பொருத்தம் தொடர்மாடிப் படிக்கட்டிலும் விளங்குகிறது.