தனுஷ்கோடிச் சாலையில் ஒரு தம்பி

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதல் கதையில் அவரே குற்றவாளிதான், திருந்தியது பிறகு. ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி வம்சமோ, தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் ஒருவன் செய்த சபதத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது.

சூப்பர் ஹீரோ என்றால் உள்ளே ஓர் ஆறாத காயம் இருக்க வேண்டும் போலிருக்கிறது. சிலருக்குக் காயமே சொந்த வீட்டில்தான். பேட்மேனின் மகன் டேமியனை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா வழித் தாத்தா ராஸ் அல் கூல், மனிதர்களில் பெரும்பகுதியை ஒழித்தால்தான் பூமி உருப்படும் என்று நினைக்கிற ஆசாமி. அந்தப் பேரன் யார் பக்கம் நிற்பான்?

இந்தக் கேள்வி நம் ராமநாதபுரம் கரைக்குப் பழசு. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற சாலையில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போனது. இந்தக் கோயில் தப்பியது. அண்ணன் ராவணனை விட்டுவிட்டு வந்த வீடணன் சரணடைந்த இடம் இதுதான் என்பது ஐதிகம். கருவறையில் ராமர், சீதை, லட்சுமணரோடு அவனுக்கும் இடம் உண்டு.

ஆனாலும் ஊர் அவனைச் சும்மா விட்டதா? செய்நன்றியில் சிறந்தவன் வீடணனா, கும்பகர்ணனா என்று எத்தனை பட்டிமன்றங்கள்! கம்பனின் கும்பகர்ணன் அண்ணன் செய்தது தப்பென்று முகத்துக்கு நேரே சொல்கிறான். தம்பி போர்க்களத்துக்கே வந்து கூப்பிட்டும் போக மறுக்கிறான். சாகும்போது ராமனிடம் அவன் கேட்பது, ‘என் தம்பியைக் காப்பாற்று’ என்பது. இன்னொன்றும் கேட்கிறான்: மூக்கறுபட்ட முகத்தை யாரும் பார்க்காதபடி தலையைக் கடலில் தள்ளிவிடு. என் ஓட்டு இவனுக்குத்தான். அவன் செய்தது சரி என்பதற்காக அல்ல. அவன் படும் பாடு நமக்குத் தெரிந்த பாடு என்பதால்.

ராமேஸ்வரத்தில் ஆண்டுதோறும் ராமலிங்கப் பிரதிஷ்டை விழா மூன்று நாள் நடக்கிறது. முதல் நாள் ராவண சம்ஹாரம். மறுநாள் கோதண்டராமர் கோயிலில் வீடணன் பட்டாபிஷேகம். காவியத்தில் அவனுக்குக் கடல் தாண்டும் முன்பே முடிசூட்டிவிடுகிறார்கள். விழாவில் வதம் முந்திக்கொள்கிறது. மூன்றாம் நாள்தான் லிங்கப் பிரதிஷ்டை. ராவணன் புலத்திய முனிவர் வழிவந்த அந்தணன், அவனைக் கொன்றதால் பிரம்மஹத்தி தோஷம். அது தீர ஜெயித்தவனே மணல் லிங்கத்தின் முன்னால் கைகூப்பி நிற்கிறான்.

காமிக்ஸ் புத்தகங்களில் வில்லன் விழுந்ததும் பெரும்பாலும் ‘முற்றும்’ போட்டுவிடுவார்கள். ராமேஸ்வரம் தீவில் படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் கதையை அந்த மூன்றாம் நாளிலிருந்து தொடங்குங்களேன். சண்டைக் காட்சிகளை எல்லாரும் வரைந்தாயிற்று.